பயத்துக்கு ஒரு பங்கு

மைசூர் அக்ரஹாரத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போய், வாங்காமல் வெறுங்கையோடு திரும்பியவர்களை வரிசையில் நிறுத்தினால், வரிசையின் வால் அரண்மனை வாசலைத் தாண்டிப் போகும். அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியவர் ஒரே ஆள். போட்டிக் கடைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கடையின் முதலாளியேதான். வாடிக்கையாளரைத் துரத்துவதற்கென்றே கடை திறந்து வைத்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, அதை யாரும் படித்ததில்லை. எங்கள் தெருவில் தமிழருக்கும் கன்னடத்தாருக்கும் அவர் ஆம்பியர். கடைக்கு மேல்மாடியில் குடியிருந்துகொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் எனக்கு ஆம்பியரண்ணா. சொந்த ஊர் கோபிநத்தம். மைசூருக்கு வந்து தலை நரைத்துவிட்டது, பேச்சில் மட்டும் ஊர் நரைக்கவே இல்லை.

"ஒரு பேட்டரி கொடுங்க" என்று யாராவது படியேறினால் போதும், விசாரணை தொடங்கிவிடும்.

"எத்தன ஃபேனுங்க?"

"மூணு."

"ராத்திரிக்கு மூணும் ஓடுமுங்களா?"

"ஓடும்."

"மாமியார் கூட இருக்கறாங்களா?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"இருந்தா டி.வி.யும் ஓடுமுங்க. அதையும் சேத்தோணுமல்லங்க? சரி, பழைய பேட்டரிக்கு என்ன கேடு? தண்ணி ஊத்துனீங்களா?"

வந்தவர் முழிப்பார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையே அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறார்.

"தாகத்துல சாகடிச்சுப்போட்டு இங்க வந்து நிக்கறீங்க. போய் டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. புதுசு கெடையாது, போங்க!"

இப்படியாக ஒரு வியாபாரம் தெருவில் இறங்கிப் போகும். ஆம்பியர் வெற்றிப் பெருமிதத்தோடு ஸ்டூலில் உட்காருவார்.

அவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. எந்தப் பேட்டரியானாலும் அதற்குள் மூன்று பங்கு இருக்க வேண்டும். "போறதுக்கு ஒரு பங்கு, வர்றதுக்கு ஒரு பங்கு, பயத்துக்கு ஒரு பங்கு." இந்த மூன்றாவது பங்கை அவர் பேட்டரியோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை எங்கள் தெருவே திரண்டு மேல்கோட்டைக்குக் கிளம்பியது. எல்லோரும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, ஆம்பியர் மட்டும் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து ஸ்டெப்னி டயரைத் தடவிக்கொண்டிருந்தார். அது வழுக்கையாக இருக்கிறதாம், வேறு டயர் போட்டால்தான் ஏறுவாராம். "ஹத்தி சுவாமி, ஹத்தி" என்று கண்டக்டர் கைகூப்பிக் கெஞ்சிய பிறகுதான் ஏறினார். மலை இறங்கும்வரை டிரைவரின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. ஊதுபத்தி மணக்கும் மைசூரில், சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டாத கடை அவருடையது ஒன்றுதான். வெறும் நல்லெண்ணெய் விளக்கு. நாத்திகம் ஒன்றுமில்லை. கடைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறை வீட்டில் அவருடைய மனைவி பழனியம்மா இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கரித்தூளும் வாசனைமாவும் பிசைந்து வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர். அந்தத் தூள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும் மெஷின் ஒன்று அவர் கட்டிலருகே எந்நேரமும் 'புஸ், புஸ்' என்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த மெஷினுக்காக ஆம்பியர் ஒன்றின் பின் ஒன்றாக மூன்று இன்வெர்ட்டர் வைத்திருந்தார். தெருவே இருட்டில் கிடக்கும்போதும் பழனியக்காவின் மெஷின் நின்றதில்லை. மூன்றாவது பங்கை நான் கேலி செய்யாமல் விட்ட ஒரே இடம் அது.

பழனியக்காவுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. அக்காள் மாராயியைப் பார்க்க வேண்டும். மாராயி இருந்தது காவிரியின் அக்கரையில். கோபிநத்தத்துக்குக் கீழே, மேட்டூர் அணைத் தண்ணீர் பின்னால் ஏறி ஏரிபோல் பரந்து நிற்கும் துறை ஒன்று உண்டு. பழனியக்கா அந்தத் தண்ணீரைப் பரிசலில் கடந்து மணப்பெண்ணாக இக்கரைக்கு வந்தவர். மாராயிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, எழுந்து வர முடியாது. கோபிநத்தம்வரை நிறுத்தி நிறுத்திப் போய்விடலாம், அங்கிருந்து சாலை வழியாகச் சுற்றினால் இன்னும் அரை நாள் காரில் குலுங்க வேண்டும், அதற்குப் பழனியக்காவின் நெஞ்சு இடம் கொடுக்காது. முந்தின வருஷம் துறையில் ஓடும் டீசல் படகில் ஏறிப் பார்த்தார்களாம். இன்ஜின் கிளம்பிக் கக்கிய முதல் புகையிலேயே அவருக்கு மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்துவிட்டது. இறக்கிக் கூட்டி வந்துவிட்டார்கள்.

"அக்கட்டால அக்கா உக்காந்துட்டு இருந்துச்சுங் டீச்சர்" என்று பழனியக்கா என்னிடம் சொன்னார். "செகப்புச் சீலை மட்டும் புள்ளி மாதிரித் தெரிஞ்சுது. அந்த டீசல் போட்டு அக்கரைக்குப் போயி, நானில்லாம எல்லாரும் எறங்கறதப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கும்."

அந்தச் சிவப்புப் புள்ளிதான் ஆம்பியரைப் பிடித்து ஆட்டியது. புகையில்லாமல், சத்தமில்லாமல், பேட்டரியில் ஓடும் படகொன்றில் தன் மனைவியை அக்கரைக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார். பரிசல்காரர் ஒருவர், "ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிட்டுப் பரிசல்லயே வாங்களேன்" என்று சுலபமான வழி சொன்னாராம். "சிலிண்டரு உருண்டுட்டா? காலியாயிட்டா?" என்று ஆம்பியர் அவரையும் விரட்டிவிட்டார்.

ஒரு நாள் காலையில் கதவைத் திறக்கிறேன், தெருவில் படகு நிற்கிறது. ஃபைபர் படகு, டிரெய்லர்மேல் ஏறி, பால்காரர் ஸ்கூட்டருக்கு வழிவிடாமல். டிராஃபிக் போலீஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏன்ரீ இது? ரோடல்லி தோணி?"

"பார்க்கிங் சார்" என்றார் ஆம்பியர், அவ்வளவு மரியாதையாக.

மோட்டார் வாங்குவது ஒரு வாரத்தில் முடிந்தது. பேட்டரி தேர்ந்தெடுப்பதுதான் முடியவில்லை. ஊருக்கெல்லாம் பேட்டரி சொன்ன மனிதர் தனக்கென்று வந்தபோது நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். முதலில் நாம் வீட்டில் வைக்கும் ஆசிட் பேட்டரி நான்கு. படகு ஆடினால் ஆசிட் சிந்துமா என்று பார்க்க, அவற்றைக் கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் தெருக்களின் பள்ளமெல்லாம் விழுந்து எழுந்து வந்தார். சிந்தவே இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். சாமி கும்பிட விழுந்து எழுந்தபோது வேட்டியின் பின்பக்கம் சல்லடையாகியிருந்தது. அர்ச்சகர்தான் துண்டு கொடுத்து அனுப்பினார்.

அடுத்தது, எவ்வளவு நேரம் தாங்கும் என்ற சோதனை. மோட்டாருக்குப் பதிலாக வாட்டர் ஹீட்டர் கம்பிகளை டிரம்மில் போட்டு, பேட்டரி காலியாகும்வரை ஓடவிட்டார். டிரம் டிரம்மாக வெந்நீர். தெருவில் எல்லோரும் பக்கெட்டோடு வரத் தொடங்கினார்கள். "ஆம்பியர், இன்னிக்கு டெஸ்ட் இருக்கா?" என்று சோப்புப் பெட்டியோடு விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. மார்கழிக் குளிரில் அக்ரஹாரமே அவர் புண்ணியத்தில் குளித்தது. அவருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. காற்று எதிராக அடித்தால்? தண்ணீர் இழுத்தால்? நடு ஆற்றில் பேட்டரி இறங்கி, மோட்டாரோடு மெஷினும் நின்றுபோனால்?

ஆகவே படகிலேயே சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வந்தது. சின்னது வாங்கினார். அது சார்ஜரின் இழுப்புக்கே திணறி இருமியது. அது ஏற்றுகிற வேகத்துக்கு அக்கரையில் ஒரு வாரம் தங்கினால்தான் பேட்டரி நிறையும். பெரியது வாங்கினார். அது நன்றாக ஏற்றியது, கூடவே புகையும் கனமும். எந்தப் புகைக்குப் பயந்து பேட்டரிப் படகு செய்தாரோ, அந்தப் புகையைப் பேட்டரிக்குப் பயந்து தானே படகில் ஏற்றுகிறார் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். புகைக்குழாயோடு இரும்புக் குழாய்களை இணைத்து இணைத்து உயரே கொண்டுபோனார்.

"இனி கீழ பொகையே இல்லீங் டீச்சர்!" என்று தெருவிலிருந்து கத்தினார்.

கீழே இல்லைதான். குழாயின் வாய் என் சமையலறை ஜன்னலுக்கு நேராக இருந்தது. அன்று நான் வைத்த ரசத்தில் பெட்ரோல் மணத்தது. நான் சண்டைக்கு இறங்கி வருமுன்பே உள்ளேயிருந்து பழனியக்காவின் குரல் வந்துவிட்டது.

"ஏனுங்க, டீச்சருக்கு இருக்கறதும் மூக்குத்தானுங்க!"

சிரித்தேன். பழனியக்காவும் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க வெகுநேரமாயிற்று. ஆம்பியர் குழாயைக் கையில் பிடித்தபடி தெருவில் அப்படியே நின்றார்.

கோடை வந்தது. அணையில் தண்ணீர் இறங்கி, துறை சேறும் பாறையுமானது. ஆடியில் தண்ணீர் ஏறட்டும் என்று காத்திருந்தோம். ஆடியில் தண்ணீர் வந்தது, ஆம்பியர் கிளம்பவில்லை. லித்தியம் பேட்டரி என்று ஒன்று பார்த்திருந்தார். கனம் குறைவு, ஆசிட் கிடையாது, கடைசிவரை சளைக்காமல் கொடுக்கும். ஆனால் அதைவிட நல்ல மாடல் அடுத்த மாதம் வருகிறதாம், காத்திருக்கலாமாம்.

"எனக்குப் புது மாடல் நெஞ்சு வருமுங்களா?" என்று கேட்டார் பழனியக்கா.

அதன்பிறகு லித்தியம் வாங்கிவிட்டார். ஆனாலும் ஆசிட் பேட்டரியைக் கைவிட மனமில்லை. தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்துக் குட்டையில் படகை இறக்கினோம். லித்தியம், அதற்குத் துணையாக ஆசிட் பேட்டரி நான்கு, ஜெனரேட்டர், பெட்ரோல் கேன், கடைசியாக ஆம்பியர். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான் இருந்தது. பழனியக்கா கரையில் நாற்காலியில், ஆட்டோவில் ஏற்றி வந்த இன்வெர்ட்டரிலிருந்து இழுத்த ஒயரில் மெஷின் ஓட, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் தெருவுக்கே கேட்கும்படி பேசியவர், இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சுத் தேடினார்.

"ஏனுங் மாமா... இதுல நான் எங்க... உக்காரோணும்?"

ஆம்பியர் படகைச் சுற்றிப் பார்த்தார். உட்கார இடமில்லை. மனைவியைக் கொண்டுபோகச் செய்த படகில் மனைவிக்கு இடமில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"உங்க பயத்த... எறக்கி வெய்யுங்க. நான் ஏறிக்கறன்."

ஒவ்வொன்றாக இறக்கினார். ஆசிட் பேட்டரிகள் இறங்கின, பெட்ரோல் கேன் இறங்கியது. ஜெனரேட்டரை இறக்கும்போது மட்டும் அதைக் கட்டிப்பிடித்தபடி கொஞ்ச நேரம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

புரட்டாசி பிறந்ததும் படகோடு போனோம். என்னையும் துணைக்குக் கூட்டிப் போனார்கள். கோபிநத்தத்தில் ஆம்பியரின் தம்பி வீட்டில் தங்கி, பழனியக்காவுக்கு மூச்சு நிதானமான ஒரு காலையில் துறைக்கு இறங்கினோம். ஒற்றை லித்தியம் பேட்டரி, அதில் மோட்டாரும் மெஷினும். ஆம்பியர் சுவிட்சைத் திருப்பினார். படகு நகர்ந்ததே தெரியவில்லை, கரைதான் விலகியது. இன்ஜின் இல்லை, புகை இல்லை. தண்ணீர் ஒதுங்கும் சத்தமும் மெஷினின் 'புஸ், புஸ்'ஸும்தான். பழனியக்கா கையைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

படகு ஏன் இப்படி நத்தையாக ஊர்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அதைவிட வேகமாகப் போகும் மோட்டார் அது. எதற்கோ திரும்பிய பழனியக்காதான் முதலில் பார்த்தார். எங்களுக்குப் பின்னால், தொலைவில், ஒரு பரிசல் வந்துகொண்டிருந்தது. பரிசல்காரர் மூச்சு வாங்கத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, புதுமாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது ஜெனரேட்டர்.

"என்னுங்க அது... பின்னால?"

"அதுங்களா... அது... மீன் புடிக்கறவங்க, புள்ள."

பழனியக்கா சிரித்தார். குழாய் மூக்கிலிருந்து நழுவும்படி சிரித்தார். நான் பதறிப்போய்க் குழாயைச் சரிசெய்தேன். இருமல் வரவில்லை. அந்தச் சிரிப்பைத் தண்ணீர்மேல் கேட்டவள் நான் என்பதில் எனக்கு இன்றும் ஒரு கர்வம் உண்டு.

நடு ஆற்றில் மறுபடி அவர் குரல் கேட்டது. ஆம்பியர் அதுவரை ஆற்றைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. கண் முழுக்கப் பேட்டரி மீட்டரில் இருந்தது.

"மீட்டரப் பாத்தது... போதுமுங்க. என்னையப் பாருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அங்கேதான், கரையில், சிவப்புச் சேலை தெரிந்தது.

மாராயி தண்ணீரோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் எழவிடவில்லை. படகை நாற்காலிக்கு ஒட்டியே கொண்டுபோய் நிறுத்தினோம். அக்காளும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டார்கள். பேசினார்களா என்றால், இல்லை. ஒருத்திக்கு மூச்சு இல்லை, இன்னொருத்திக்கு அழுகையில் வார்த்தை இல்லை. வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தார்கள். திரும்பி வந்து கரையேறியபோது ஆம்பியர் மீட்டரைக் காட்டினார். மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா டீச்சர், பயத்துக்கு வெச்சது தொடவே இல்லீங்" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

தை பிறக்கும் முன்பு பழனியக்கா போய்விட்டார். அன்று மின்சாரமும் இருந்தது, மூன்று இன்வெர்ட்டரும் இருந்தன. மெஷின் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் ஆம்பியர்தான் நிறுத்தினார். அந்த வீட்டில் அப்படியொரு அமைதியை நான் அதுவரை கேட்டதில்லை.

படகைத் துறையில் அந்தப் பரிசல்காரருக்கே கொடுத்துவிட்டார். லித்தியம் பேட்டரியை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து கடையில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். சார்ஜ் ஏற்றுவதில்லை, எதற்கும் இணைப்பதில்லை. பேட்டரியைச் சும்மா போட்டு வைப்பவர்களைக் கொலைகாரர்களைப்போலப் பார்த்த மனிதர்!

"இப்படியே வெச்சா தானா எறங்கிடாதாண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எறங்குமுங்க. மெதுவாத்தான் எறங்கும். அவ மிச்சம் வெச்சதுங்க அது. அதும்மேல புதுசு ஏத்தறதுக்கு மனசு வரமாட்டீங்குது."

காலையில் விளக்கேற்றியதும் அதன் பொத்தானை அழுத்தி மீட்டரைப் பார்ப்பார். பிறகு ஸ்டூலில் உட்காருவார். ஊதுபத்தி இன்னும் கிடையாது. கடைக்கு வருபவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை, கேட்ட பேட்டரியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. தெருவில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அவருடைய கேள்விகளுக்குப் பயந்து வேறு தெருவுக்குப் போய் வாங்கியவர்கள்கூட, "ஏதாவது கேட்டாரா?" என்று ஒருவரையொருவர் விசாரிக்கிறார்கள்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. கீழே இறங்கிப் போனேன்.

"அண்ணா, ஒரு பேட்டரி வேணும்."

எழுந்து போய் ஒன்றைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார். "பில்லு போடட்டுங்களா?"

"எத்தனை ஃபேன்னு கேக்க மாட்டீங்களா?"

அவர் பில் புத்தகத்தைப் புரட்டினார்.

"கேளுங்கண்ணா" என்றேன்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "எத்தன ஃபேனுங்க டீச்சர்?"

"ஒண்ணு."

"லைட்டு?"

"ரெண்டு. பயத்துக்கும் ஒரு பங்கு சேத்துக்குங்க."

ஆம்பியர் விளக்குப் பக்கம் திரும்பி அந்தப் பேட்டரியைப் பார்த்தார்.

"பயத்துக்கு வேண்டாமுங்க டீச்சர். அந்தப் பங்கு அப்படியேதான் நிக்குது. போறதுக்கும் வர்றதுக்கும் வெச்சதுதான் சீக்கிரம் தீந்துபோச்சு."

பிறகு அவர் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இருக்கட்டும், உங்க பழசுக்குத் தண்ணி எப்ப ஊத்துனீங்க?"

"ஞாபகமில்லையே."

"ஞாபகமில்லீங்களா? கணக்கு டீச்சருங்க நீங்க! போங்க, போய் மொதல்ல தண்ணி ஊத்துங்க. புதுசு கெடையாது!"

மேசைமேல் இருந்த பேட்டரியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வெறுங்கையோடு மாடிப்படி ஏறினேன். அரண்மனை வாசலைத் தாண்டிப் போகும் அந்த வரிசையின் கடைசியில் இப்போது நானும் நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்கும் யாரும் என்னைப்போல இவ்வளவு சந்தோஷமாக அழுதிருக்க மாட்டார்கள்.